எடை ஏறாத பிள்ளை

எங்கள் அம்மா ஆத்தங்குடிக்குப் பக்கத்தில் ஓர் அங்கன்வாடியில் டீச்சராக இருந்தாள். ஊருக்கு அது பால்வாடிதான். நான் மூன்றாம் வகுப்பு முடித்த லீவில், மறுநாள் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. அம்மாவும் ஆயாவும் அந்த ஒற்றை அறையை அன்று முழுக்கக் கழுவினார்கள். கிழிந்த படங்களை ஒட்டும் பொறுப்பு எனக்கு. யானை வாலை இழந்தது என்னால்தான்.

சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "முத்துமீனா வீட்டுல போயி, நாளைக்கு மட்டும் பிள்ளைய அனுப்ப வேணாம்னு சொல்லிட்டு வா."

முத்துமீனாவுக்கு மூன்று வயது. நாலு எட்டு ஓடினால் உட்கார்ந்துவிடுவாள். மூன்று மாதமாக எடை ஏறவேயில்லை. எங்கள் வீட்டு முட்டையைக்கூட அம்மா கொண்டுபோய் ஊட்டிப் பார்த்துவிட்டாள். பிள்ளைக்குச் சாப்பாடே கொடுப்பதில்லை என்று அதிகாரி நினைத்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம்.

நான் போனபோது முத்துமீனாவைப் பெற்றவள், டைல்ஸ் செய்யும் இடத்தில் வேலை முடித்து வந்த கையோடு, ஒரு ரோஸ் கவுனை அலசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பெரிய ஆபீசரு வாராகளாமே பாப்பா? பிள்ளைய எத்தன மணிக்குக் கூட்டியாரட்டும்?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "ஒம்பது மணிக்கு" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். "சொல்லிட்டியா?" என்று கேட்ட அம்மாவிடம் தலையை மட்டும் ஆட்டினேன்.

காலையில் முதல் ஆளாக ரோஸ் கவுன் வந்து நின்றது. அம்மா பார்த்த பார்வையில் நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன்.

அதிகாரியம்மா எடை பார்த்தார். "என்ன டீச்சர் இது?"

"எல்லாமே குடுக்குறேன் மேடம். ஏற மாட்டேங்குது. ஏன்னு எனக்குத் தெரியல." என்றாள் அம்மா.

அவர் பிள்ளையை மடியில் வைத்து உதட்டையும் நகங்களையும் பார்த்தார். இரண்டுமே லேசாக நீலம் பாய்ந்திருந்தன. யாரையும் திட்டவில்லை. தாயையும் பிள்ளையையும் தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இதயத்தில் ஓட்டை, நல்லவேளை இப்போதாவது கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். பிறகு மதுரையில் ஆபரேஷன் நடந்து, முத்துமீனா தெருவில் எங்களை விரட்டி ஓடும் அளவுக்குத் தேறினாள்.

ஆனால் டாக்டர் சொன்னது ஊருக்குத் தெரிந்த அன்று, அம்மா என்னை இழுத்தாள். அடிதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலை போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்து நானும் அழுதேன். "இனிமே நீ சொன்னபடியே கேப்பேம்மா" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதைக் கேட்டு அம்மா ஏன் இன்னும் சத்தமாக அழுதாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.