சத்தமில்லாமல் ஓடிய குதிரைகள்

மங்கையற்கரசிக்குக் குதிரை என்றால் அது சத்தம் போடாமல் ஓட வேண்டும். துவக்கு என்றால் சத்தமில்லாமல் வெடிக்க வேண்டும். பழைய கௌபாய்த் தொடர்களை அவர் அப்படித்தான் பார்த்துப் பழகியவர். இந்த வயதில் போய் மாற்றச் சொன்னால் யார் மாற்றுவது?

எண்பதுகளின் நடுப்பகுதியில் அவரும் கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவும் அகதிகளாக வந்து இறங்கியது ரொறன்ரோவின் பார்க்டேலில், ஓர் அறை வீட்டில். கணவருக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து தேத்தண்ணி குடித்ததும் போர்வையைத் தலை வரை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிடுவார். கட்டில் ஒரு மூலை, அடுப்பு ஒரு மூலை, நடுவில் மங்கையற்கரசி. வெளியே முழங்கால் வரை பனி. பாஷை தெரியாது, பஸ் தெரியாது, பேச ஒரு சனம் இல்லை. யாரோ வீதியோரத்தில் எறிந்துவிட்டுப் போன கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்றை ஸ்ரீஸ்கந்தராசா தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தார். மத்தியானமானால் அதில் குதிரைக்காரர்கள் வருவார்கள். இரவு முழுக்க வேலை செய்த மனுசன் எழும்பிவிடக் கூடாதே என்று சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, மங்கையற்கரசி முன்னால் சப்பணம் கட்டி இருந்து பார்ப்பார்.

சத்தம் இல்லாவிட்டால் கதை இல்லாமல் போய்விடுமா? அவரே கதை கட்டினார். ஆளுக்கு ஆள் உறவுமுறையும் வைத்தார். முறை தெரியாமல் நம்மவர்கள் எந்தக் கதையைப் பார்த்திருக்கிறார்கள்? பெரிய மீசைக்காரர் ஒருவர், மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். குதிரை வண்டிகள் வந்து நிற்கிற அவருடைய தங்குமடத்தில் சமைக்கிற பெண்தான் மனைவி. மீசைக்காரர் குதிரை ஏறும் போதெல்லாம் அவள் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, தூசி அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். தொடுவதில்லை, கட்டிப்பிடிப்பதில்லை. நல்ல குடும்பத்துச் சனம் என்று மங்கையற்கரசிக்குப் பிடித்துப்போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் தனக்கு விசர் பிடிக்காமல் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான் என்று இன்றைக்கும் சொல்வார்.

பிறகு அட்சயா பிறந்தாள், பிரவீனன் பிறந்தான். டோர்செட் பார்க்கில் மாடிக் கட்டடம் ஒன்றுக்கு வந்தார்கள். கணவருக்கு இரவு வேலை தொடர்ந்தது, மங்கையற்கரசிக்குப் பகல் வேலை கிடைத்தது. ஒருவர் வரும்போது மற்றவர் வேலைக்குப் புறப்படச் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல், பால் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் பேச்சு. இருவரும் ஓய்வு பெற்று ஒரு வீட்டுக்குள் ஆறுதலாக உட்கார்ந்தபோது பேச ஒன்றுமே மிச்சமில்லை. "சாப்பாடு போடட்டோ?" என்பார் இவர். "ஓம்" என்பார் அவர். ஒரு சண்டை பிடிக்கக்கூட விஷயம் அகப்படவில்லை.

இங்கே நம்முடைய சனம் ஓர் ஒழுங்கு கண்டுபிடித்து வைத்திருக்கிறது. தாய் ஒரு பிள்ளையோடு, தகப்பன் இன்னொரு பிள்ளையோடு. ஊரில் இப்படிச் செய்தால் நாலு பேர் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்பார்கள். இங்கே ஒருவரும் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்க வேண்டியவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

"அம்மா, நீங்கள் எங்களோடை விட்பிக்கு வாங்கோ. பேபியைப் பாக்க ஆள் வேணும்," என்றான் பிரவீனன். "அப்பா பிரம்டனுக்குப் போகட்டும். அட்சயான்ரை பிள்ளையளை ஸ்கூல் பஸ்ஸிலையிருந்து இறக்க ஒராள் இருந்தாச் சரி. இந்த அபார்ட்மென்டை விட்டிடலாம். இட்ஸ் ஈசி."

விட்பி கிழக்கே கிடக்கிறது, பிரம்டன் மேற்கே கிடக்கிறது, நடுவில் ரொறன்ரோ முழுவதும்.

"உங்கடை விருப்பம்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றார் மங்கையற்கரசி. மகன் போனபின் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதார். மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். சொல்வதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லையே என்பதுதான் அவரை அழவைத்தது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். பழைய நிகழ்ச்சிகள் மட்டும் போடுகிற சானல் ஒன்றில் அதே தொடர், அதே மீசைக்காரர். மங்கையற்கரசி கை பழகியபடி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தார். பின்னால் சோபாவில் ஸ்ரீஸ்கந்தராசா தமிழ்ப் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். மீசைக்காரர் குதிரை ஏறினார். அவள் வாசலுக்கு வந்தாள்.

"பார், கட்டின மனிசியைத் தனிய விட்டிட்டுப் போறான்," என்று மங்கையற்கரசி தன்பாட்டில் சொன்னார்.

"உவ மனிசி இல்லை," என்றது பேப்பர். "தமக்கை."

மங்கையற்கரசி திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பார்க்டேலிலை பாத்தனான். மனிசி எண்டால் ஒருநாளாவது எங்கை போறியள் எண்டு மறிச்சுக் கேட்டிருப்பா. உவ சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குடுத்திட்டு நிக்கிறா. அக்காதான்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. அவர் காயப்பட்டுக் கிடந்த நேரம் விடிய விடிய முழிச்சிருந்தவ. மனிசிதான்."

"அக்கா முழிச்சிருக்க மாட்டாவோ?"

இப்படி ஒரு வாக்குவாதம் அந்த வீட்டில் நடந்து எத்தனை காலம்! கடைசியில் தீர்ப்புக்காகச் சத்தத்தைக் கூட்டினார்கள். இப்போது இருவருக்கும் ஓரளவு இங்கிலீஷ் விளங்கும். மீசைக்காரர் திரும்பி வந்து இறங்கியதும் அவள் அவரை மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டுச் சம்பளத்தைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டாள். வெறும் சமையல்காரி. இரண்டு பேருமே தோற்றுப்போனார்கள். ஸ்ரீஸ்கந்தராசா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

மங்கையற்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்கள் நித்திரை எண்டெல்லோ நான் சத்தத்தைக் குறைச்சு வைச்சனான்?"

"அந்தக் குளிருக்கை ஆருக்கு நித்திரை வந்தது. போர்வையை விலக்கிப் பாத்துக்கொண்டு கிடப்பன்."

"அப்ப ஏன் சொல்லேல்லை? ஒண்டா இருந்து பாத்திருக்கலாமே."

ஸ்ரீஸ்கந்தராசா மடித்து வைத்த பேப்பரைத் திரும்ப எடுத்து விரித்தார். "நான் எழும்பினால் நீர் ரீவியை நிப்பாட்டிப்போட்டுச் சமைக்கப் போயிடுவீர். பகல் முழுக்க உம்மடை முகம் கொஞ்சம் வெளிக்கிறது அந்த நேரம்தான். அதுதான் பேசாமல் கிடந்தனான்."

இத்தனை வருடத்தில் ஒரு நாளும் சொல்லாத மனுசன்! மங்கையற்கரசிக்குக் கோபம் கோபமாகவும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து மிச்சக் கதையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிரவீனன் முடிவு கேட்க வந்தான்.

"ரெண்டு பேரும் ஒரு இடத்துக்குத்தான் வருவம்," என்றார் மங்கையற்கரசி. "விட்பி எண்டால் விட்பி, பிரம்டன் எண்டால் பிரம்டன். சரிவராட்டி இஞ்சையே இருக்கிறம்."

"அம்மா, சீரியஸ்லி? நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறதே இல்லையே."

"ஓமடா, கதைக்கிறேல்லைத்தான். கதைக்காமல் இருக்கிறதுக்கும் எனக்கு அவர்தான் வேணும்."