செல்லோ ஓய்ந்தபோது

வேலப்பன்சாவடிக் கல்லூரி அரங்கில் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை. வயலின் வரிசையில் என் மகள். "நடுவுல நடுவுல நிறுத்துவோம். முடிஞ்சிடுச்சுன்னு கை தட்டிடாதப்பா, மானம் போயிடும்" என்றிருந்தாள். பயத்தில், திருடனைப் பிடித்து வைத்தது மாதிரி என் கைகளைத் தொடைக்கடியில் செருகியிருந்தேன்.

பெரிய வயலின் போன்ற செல்லோவின் நீண்ட இழுப்பு மெல்ல ஆவடித் தொழிற்சாலையின் சாயங்காலச் சங்காக மாறியது. குவார்ட்டர்ஸ் வாசலில் சிறுவனாக நான். உள்ளே அம்மா வதக்கும் வெங்காய வாசனை. சங்கு ஓய்ந்ததும் தெருவே மூச்சடக்கும். அப்பா வரப்போகிறார் என்று கை தட்டுவேன். சைக்கிள் கூட்டத்திலிருந்து அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார்.

செல்லோ ஓய்ந்தது. கைகள் எப்போது தப்பித்தனவோ, தட்டிவிட்டன.

"இன்னா சார், இன்னும் முடியலையே!" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

மேடையிலிருந்து மகள் என்னைப் பார்த்து வயலின் வில்லை லேசாகத் தூக்கினாள். அடிக்கத்தான் இருக்கும். எனக்கு மட்டும் அது சைக்கிளிலிருந்து எழுந்த கையாகத் தெரிந்தது.