மொட்டைக்கு முன் போட்ட கோடு

சமயநல்லூர் வீட்டின் கதவு நிலையில் இரண்டு பென்சில் கோடுகள் இருக்கின்றன. இரண்டும் பவதாரிணிக்குப் போட்டவை. மேல்கோடு முதலில் போட்டது. கீழ்க்கோடு பிறகு. வளர்கிற பிள்ளைக்குக் கோடு இறங்காது. இறக்கியவள் அன்னக்கொடி. அவள் இந்தப் பங்குனியில் இறந்துபோனாள்.

கணவன் போன பின் ஊருக்கு வெளியே இருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தாள். கப்பல் ராட்டினத்தின் வாசலில் நிற்பாள். பலகையில் நாலடிக் கோட்டைத் தொடாத பிள்ளையை ஏற்றமாட்டாள். கொண்டை போட்டு வந்தால் உள்ளங்கையால் அமுக்கித்தான் அளப்பாள். அந்தச் சம்பளத்தில்தான் மகள் சத்யப்ரியா என்ஜினியரிங் படித்தாள்.

தம்பி அழகுபாண்டியின் மகள் பவதாரிணி. ஏழு வயது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட முடி என்பதால் கத்திரி பட்டதே இல்லை. சுருட்டை சுருட்டையாக மேலே எழும்பி நிற்கும். ஒருநாள் அவளை நிலையில் நிறுத்தி அளந்தாள் அன்னக்கொடி. சாமிக்கு நேர்ந்த முடியை அமுக்க மனசு வரவில்லை. நாலடி வந்தது. காதுகுத்து அன்றைக்கே கப்பலில் ஏற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

குலசாமி கோயிலில் முடியிறக்கி, காது குத்தி, கறிவிருந்து முடித்து, சொந்தபந்தம் வேனில் பூங்காவுக்கு வந்து இறங்கியது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பவதாரிணி பலகையில் போய் நின்றாள். இரண்டு விரற்கடை குறைந்தது.

மொட்டை போட்டால் பிள்ளை குள்ளமாகிவிடுமா என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. பவதாரிணி சிரிக்கவில்லை.

பிள்ளையின் தாய்மாமன் முத்திருளன் முன்னால் வந்தார். "என்ன மதினி, ஒரு மாசத்துல உங்க அளவு மாறிப்போச்சா? காது குத்துறப்ப என் மடியிலதான இருந்தா. இதுலயும் மடியில வச்சுக்கிறேன்."

அன்னக்கொடிக்கும் மகளுக்கும் தம்பி வீட்டை விட்டால் நாதியில்லை. விசேஷத்தன்று தாய்மாமன் முகம் கோணினால் இரண்டு வீட்டுப் போக்குவரத்தே நின்றுபோகும். சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். ஒரே ஒரு சுற்றுதான்.

"வாங்க கொழுந்தனாரே. மொதல்ல நீங்க ஒக்காருங்க," என்றாள்.

காலியாக நின்ற கப்பலில் அவரை உட்கார வைத்துக் கம்பியை இறக்கினாள். அது அவர் வயிற்றில் முட்டி நின்றது. பக்கத்து இடத்தில், கம்பிக்கு அடியில் தன் கையை விட்டாள். தோள் வரைக்கும் போனது.

"வரிசைக்கே கம்பி ஒண்ணுதான். உங்க வயித்தோட நின்னுருச்சு. அவ மடிக்கு மேல இம்புட்டு எடம் கெடக்கு. உச்சியில ஒடம்பு சீட்டை விட்டுக் கெளம்பும். ஊனிக்கிட அவளுக்குக் காலு எட்டாது. அடியில வழுக்கிருவா."

"நான் பிடிச்சுக்கிட மாட்டனா?"

"கீழ எறங்கி வர்றப்ப ரெண்டு பிள்ளைக் கனம் கனப்பா. உங்க கைதான் பூட்டா?"

 முத்திருளன் இறங்கி, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்கு நடந்தார். அழகுபாண்டி போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்று வீடு திரும்பியதும் மேல்கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இன்னொரு கோடு போட்டாள். பழையதை அழித்துவிடலாமே என்று சத்யப்ரியா கேட்டாள்.

"அது நான் குடுத்த வாக்குடி. கெடக்கட்டும்."

வருஷம் முழுக்கத் தம்பி வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. தீபாவளிக்கு அவள் கொடுத்துவிட்ட பலகாரத் தூக்கு கழுவாமல் திரும்பி வந்தது.

அடுத்த கோடை விடுமுறையில் முத்திருளனே பவதாரிணியைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்கு வந்தார். அவளுடைய ஒல்லியான அம்மாவும் கூட வந்திருந்தாள். முளைத்த முடியை உச்சியில் குடுமியாகக் கட்டியிருந்தாள் பிள்ளை. பலகையருகே போனதும் ரப்பர் பேண்டைத் தானே உருவினாள். இரண்டு கையாலும் முடியை அமுக்கிக்கொண்டாள்.

"இப்ப அளங்க அத்தே."

தலை கோட்டைத் தாண்டி நின்றது.

அம்மாவும் மகளும் ஒரு வரிசையில் ஏறினார்கள். முத்திருளன் அன்னக்கொடியைப் பார்க்காமல், பின்வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்தார்.

அன்னக்கொடி கம்பியை இறக்கினாள். பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை.