மைலோ பிடிக்காத மகள்

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடி நிலையத்தில் நான் ஒருமுறை வீரனாக மாறப் பார்த்தேன்.

என் மகள் கயலுக்குப் பத்து வயது. வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பாள். பக்கத்து மேசைப் பையன் அவளைப் போலவே காலை இழுத்து நடந்து காட்ட, அவன் நண்பர்கள் சிரித்தார்கள். கொதித்தெழுந்தேன். அங்கே மேசையும் இருக்கையும் தரையோடு பொருத்தியவை. நடுவில் என் தொப்பை மாட்டிக்கொண்டதால் பாதிதான் எழ முடிந்தது.

"அப்பா, உட்காருங்க. நான் பேசிக்கிறேன்."

வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவன் எதிரே போய் நின்றாள்.

"நீ செய்றது எனக்குப் பிடிக்கல, நிறுத்து. என் காலைப் பத்தி ஏதாவது தெரியணும்னா என்கிட்டயே கேளு லா."

அவன் தரையைப் பார்த்து, "சாரி" என்றான்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "என் ராணி! அப்பா உனக்குக் குடிக்க மைலோ வாங்கிட்டு வரேன்!"

"எனக்கு மைலோ பிடிக்கவே பிடிக்காதுப்பா. என்னைக்காவது கேட்டீங்களா?"

இத்தனை வருடமும் கடைக்காரரிடம் அவளுக்கும் சேர்த்து நானேதான் சொல்லிவந்தேன். அன்றைய இரண்டாவது "சாரி" என்னுடையது.

அவளே போய் ஐஸ் லெமன் டீ கேட்டாள். அன்றிலிருந்து வரிசையில் அவள் முன்னால், தட்டைத் தூக்க நான் பின்னால். இவ்வளவு பெருமையான பதவியில் நான் இதுவரை இருந்ததே இல்லை.