சாமி படமும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டும்

பாஸ்வேர்டு போட்டால் திரை ஒரு முறை கறுத்துவிட்டு, மறுபடியும் பாஸ்வேர்டே கேட்டது. பில்லிங் பிரிவில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே கதை. பில் இல்லாமல் நூல் லாரி கேட்டைத் தாண்டாது. தொண்ணூறுகளின் கடைசியில், கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் நான் சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ்தான் வேண்டும் என்று சண்டை போட்டுக் கொண்டுவந்தவளும் நானே. அதனால் எல்லோரும் என்னையே முறைத்தார்கள்.

“ஓசியில வர்றதுன்னா இப்படித்தானுங்க. நான் அப்பவே சொன்னனுங்களே” என்று மேனேஜர் முதலாளியிடம் கொளுத்திப் போட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க அம்மணி, மத்தியானத்துக்குள்ள சரியாகலீன்னா இத எடுத்துப்போட்டு வேற போட்டுக்கலாமுங்க.”

வேறு போட்டால் என் வேலையும் அதோடு போகும். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

எழுத்து மட்டும் வரும் டெக்ஸ்ட் ஸ்கிரீனுக்குப் போய், பிழைகள் பதிவாகும் எரர் லாக்கைத் திறந்தேன். ஒரே வரி: முருகன் படம் கிடைக்கவில்லை. டெஸ்க்டாப் திறக்கும்போது முதலில் சாமி படம்தான் வர வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. டெஸ்க்டாப்பைத் திறக்கும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்த கான்ட்ராக்டர் அதை அப்படியே எழுதிவிட்டார்: படம் வராவிட்டால் எக்ஸிட், அதாவது வெளியேறிவிடு. முந்தின நாள் சர்வரில் டிஸ்க் மாற்ற வந்தவர்கள் படம் இருந்த ஃபோல்டரை மட்டும் புது டிஸ்க்குக்கு மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

“படத்தத் திரும்ப வெச்சுப்போட்டு, இனி எந்த எரரும் கண்ணுல படாத மாதிரி அமுக்கிப்போடுங்க” என்றார் மேனேஜர்.

“முடியாதுங்க.”

“அப்ப மொதலாளிகிட்ட என்னன்னு சொல்றது?”

“நானே சொல்றனுங்க.”

நேராக முதலாளி அறைக்குப் போனேன். மேனேஜரும் பின்னாலேயே வந்தார்.

“படம் வராட்டியும் கம்ப்யூட்டர் ஓடோணுமுங்க. படம் வரலீன்னு திரையில சொல்லவும் சொல்லும். அப்படி எழுதட்டுங்களா?”

“சாமிய விட்டுப்போட்டு வேலைய ஆரம்பிக்கறதா?” அவர் முகம் சிவந்தது.

“காலையில சாமிக்குப் பூ குடுக்கற பூக்காரர் வரலீன்னா மில்லுக்குப் பூட்டுப் போட்டுருவீங்களாங்க?”

மேனேஜர் இருமினார்.

“பூக்காரன நாலு பேச்சுப் பேசுவோம். மில்லு ஓடும்” என்றார் முதலாளி.

“அதத்தானுங்க எழுதப்போறேன்.”

எழுதினேன். படம் இல்லையென்றால் திரையில் ஒரு சின்னப் பெட்டியில் எச்சரித்துவிட்டு டெஸ்க்டாப் திறக்கும். பில்கள் பதிவாகும் டிஸ்க் கிடைக்கவில்லை என்றால் மட்டும் காரணத்தைச் சொல்லி நிற்கும். டிஸ்க் இல்லாமல் போட்ட பில்லை அப்புறம் யார் தேடுவது?

படத்தை வேண்டுமென்றே திரும்ப வைக்கவில்லை. முதலாளியையே கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஆங்கில எழுத்தில் நான் அடித்திருந்த தமிழை அவர் உரக்கப் படித்தார்: “சாமி படம் காணோம். வேலை நடக்கட்டும்.” ஓகே அழுத்தினார். பில்லிங் திறந்தது.

“மொத லாரிக்குப் பில்லப் போடுங்க அம்மணி. பொறவு சாமியக் கொண்டாந்து வெய்யுங்க” என்று எழுந்தார்.

இன்றைக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன். எந்தப் பிழைக்கு நிற்பது, எதற்கு எச்சரித்துவிட்டு ஓடுவது என்று உட்கார்ந்து யோசித்து முடிவெடுங்கள். மேலே இருப்பவர் பிழையை மறைக்கச் சொன்னால் மட்டும், வேலையே போனாலும் மறைக்காதீர்கள்.