வேதகிரி பதிவைத் திருத்திய சுபைதா

அன்று காலை எங்கள் அலுவலகத்துக்குக் கீழே லேத் ஓடவில்லை. அம்பத்தூரில் அந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, படியில் கால் வைக்கும்போதே இரும்பு சீவும் சத்தம் காதில் விழும். மேலே கலைக்களஞ்சியம், கீழே பட்டறை. அன்று பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். பட்டறைக்காரர் ஏழுமலை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா மேடம், உங்களுக்குத் தெரியாதா? சுபைதாம்மா நேத்து மௌத்தாயிட்டாங்களாம். பூந்தமல்லிலருந்து அவங்க தம்பி வந்து சொல்லிட்டுப் போனாரு. மெஷினப் போட மனசு வரல.”

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுபைதா காமாலை என்று விடுப்பில் இருந்தாள். தேறி வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்துவிட்டது. நான் செத்துப்போனால் ஏழுமலை மெஷினை நிறுத்துவாரா?

அவளை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னபோது மறுத்துவிட்டேன். அங்கே பேசியவர்கள் எல்லோரும் சுபைதா தங்கமானவள் என்றார்கள். தங்கம்தான். அதற்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான்.

எங்கள் அலுவலகத்துக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதிய பதிவை இன்னொருவர் மதிப்பாய்வு செய்வார். செய்தவர் அதை எழுதியவர் முன்னால் உரக்க வாசிப்பார். எழுதியவர் குறுக்கே பேசக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. கேட்டால் ஆதாரத்தை மட்டும் சொல்லலாம். பதிப்பாசிரியர் ஐயா ஏற்படுத்திய விதி இது. சுபைதா இதைத் தன் பாணியில் சொல்வாள்: “புக்கு வாங்கினவன் உங்க ஊட்டாண்ட வந்து, இதுக்கு இன்னா அர்த்தம்னு கேட்டுகினு நிப்பானா? தாள் சொல்லணும், நீ சொல்லக் கூடாது.” லேத் சத்தத்தை மீறி வாசிக்க வேண்டும் என்பதால் நாங்கள் எல்லோரும் கத்துவோம். அவள் மட்டும் கத்தாமலே கேட்கும்படி வாசிப்பாள். தன் சொற்களையே அவள் குரலில் கேட்கும்போது, எங்கே பொய் இருக்கிறது என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

பதிவின் கீழே எழுதியவரின் பெயரெழுத்துகள் அச்சாகும். என்னுடையது க.செ. அதுவரை ஏரி, கீரை வகைகள், கோரைப் பாய் போன்ற சிறு பதிவுகளின் கீழ்தான் அந்த எழுத்துகள் வந்திருந்தன. ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுத ஐயா எனக்குக் கொடுத்த முதல் வாய்ப்பு, வேதகிரி. எண்பதுகளில் எங்கள் வட்டாரத்து ஊர் ஒன்றில் சேர்மனாக இருந்து மறைந்தவர். கொடையாளி என்று பெயர் பெற்ற அரசியல்வாதி. ஒரு வாழ்க்கை வரலாற்றின் கீழே க.செ. என்று பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அந்த ஊர் முழுக்க நடந்தேன். நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி, படிப்பகம் என்று பார்த்த இடமெல்லாம் கல்லில் அவர் பெயர். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து, பத்திக்குப் பத்தி ‘வள்ளல்’ என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நம்பினேன். மதிப்பாய்வு சுபைதாவிடம் போயிற்று.

“‘நிழற்குடை, நீர்த்தொட்டி, படிப்பகம் ஆகியவற்றைத் தம் சொந்தச் செலவில் அமைத்துத் தந்த வள்ளல்’” என்று வாசித்து நிறுத்தினாள். “ஆதாரம்?”

“கல்வெட்டு.”

“கல்வெட்டுல இன்னா போட்டுக்கீது?”

“திறந்து வைத்தவர் வேதகிரி.”

“தெறந்தாரு. கட்டினாருன்னு போட்டுக்கீதா?”

ஐயா சிரித்துவிட்டார். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. இன்றைக்கு யோசித்தால், எங்களைப் போலக் கல்லையும் தாளையும் மட்டும் நம்புகிறவர்களால்தான் அப்படி ஒரு தவறைச் செய்ய முடியும் என்று தோன்றுகிறது. அந்த ஊரில் பேருந்துக்கு நிற்கும் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க எனக்கு வராது. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்து வந்த வீடு. பள்ளியில் கேலி செய்வார்களே என்று அவரவர் ஊர்ப் பேச்சைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் எந்த ஊரிலும் பேசாத ஒரு தமிழைப் பேசினோம். சுபைதா பூந்தமல்லிக் கடைத்தெருப் பெண். அவள் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. எம்.ஏ. படித்தும் அவள் தன் பேச்சை எங்கும் கழற்றி வைக்கவில்லை.

மறுநாள் இருவருமாக அந்த ஊருக்குப் பஸ் ஏறினோம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் போனோம்.

“சேர்மனா? அவரு இன்னாத்த கட்டினாரு? வருவாரு, ரிப்பன வெட்டுவாரு, போவாரு. வெட்ற கத்திரிக்கோலு கூட எங்க வூட்டுக்காரரு தையக்கடைலருந்து வாங்கினு போனதுதான்.”

“திருப்பிக் குடுத்தாரா?” என்றாள் சுபைதா.

“அதெல்லாம் கரீட்டா வந்துரும். நல்ல மனுசன்.”

நான் இடையில் புகுந்து, “அவர் செய்த உதவிகளில் உங்களால் மறக்க முடியாதது எது?” என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நமக்கு அதெல்லாம் தெரியாதும்மா” என்று பூவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சுபைதா தரையில் உட்கார்ந்தாள். ஒரு கை மல்லியை எடுத்து, காம்பு பார்த்து அடுக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். வேதகிரியைப் பற்றிப் பேசவே இல்லை.

“எத்தினி புள்ளைங்கக்கா உனக்கு?”

“ரெண்டு பொண்ணு. பெரியவ ஆஸ்பத்திரில பொறந்தா. சின்னவ சேர்மன் கார்ல பொறந்தா.”

கதை அங்கிருந்துதான் வந்தது. எந்த நேரம் கதவைத் தட்டினாலும் பிரசவத்துக்குக் கார் உண்டு. அதற்காகவே காரையும் டிரைவரையும் வீட்டில் விட்டுவிட்டு, சேர்மன் கூட்டங்களுக்குப் பஸ்ஸில் போவாராம். “சீட்டு நாறிடுமேன்னு எங்காத்தா அழுவுது. ‘காரு தொடச்சிக்கலாம், நீ ஏறு தாயி’ன்றாரு.” அப்புறம் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். “எலெக்சன்ல தோத்தாரு பாரு, அந்த வருசம் பூரா காரு கெடையாது. போய்க் கேட்டா, ‘யாருக்கு ஓட்டுப் போட்டியோ அவன் ஊட்டாண்ட போய்க் கேளு’ன்னு சொல்லிட்டாரு. அப்பால தானா ஆறிப்போயி, மறுபடி வுட்டாரு.”

சுபைதா அடுத்தடுத்த தெருக்களிலும் விசாரித்தாள். அதே காரைப் பற்றி, கோபித்துக்கொண்ட அந்த வருடத்தைப் பற்றி, வேறு வேறு பெண்கள் சொன்னார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். திரும்பும்போது அவள் கை நிறையப் பூ இருந்தது. பாதியை என் தலையில் வைத்துவிட்டாள். நான் நன்றி சொன்னதாக நினைவில்லை.

அவள் திருத்திய பதிவிலிருந்து சில வரிகள் எனக்கு மனப்பாடம். “வட்டாரத்தின் பொதுக் கட்டடங்கள் பலவற்றைத் திறந்து வைத்தார். தம் காரைப் பிரசவத்துக்குச் செல்லும் பெண்களுக்கென ஒதுக்கிவிட்டுத் தாம் பேருந்தில் பயணம் செய்தார். தேர்தலில் தோற்ற பின் ஓராண்டு அக்காரைத் தர மறுத்தார். பின்னர் மீண்டும் தந்தார்.” நான் பத்திக்குப் பத்தி வைத்திருந்த ‘வள்ளல்’ அதில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் படித்து முடித்ததும் அந்தச் சொல் படிப்பவருக்குத் தானாகத் தோன்றியது. பெருமையாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அச்சுக்கு முன் குடும்பத்தார் பார்வைக்கு அனுப்பியதும் வேதகிரியின் மகன் நேரில் வந்துவிட்டார். திருநின்றவூரில் மனை போட்டு விற்பவர். என் வீடு இருக்கும் மனையே அவரிடம் வாங்கியதுதான். அவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

“நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்? எங்கப்பா கோவிச்சிக்கினாருன்னு புக்குல போடுவீங்களா? நாளைக்குப் பசங்க படிக்கிற புக்கு.”

அந்த வரியை எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சுபைதா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அண்ணே, ஒக்காருங்க. டீ சாப்புடுங்க. கோவிச்சிக்கினாரா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. இல்லன்னா இங்கயே அடிச்சிட்றேன்.” பென்சிலைக் கையில் எடுத்தேவிட்டாள்.

அவர் பென்சிலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். “கோவிச்சிக்கினாருதான்” என்றார் பிறகு. “எங்கம்மா அந்த வருசம் பூரா அவரோட பேசல. சோறு போடுவாங்க, பேச மாட்டாங்க. தாங்க முடியாமதான் சாவிய எடுத்து டிரைவராண்ட குடுத்தாரு.”

“அதையும் சேத்துக்கவா?”

“ஐய, வேணாம்மா!” அவர் சிரித்தேவிட்டார்.

“போட மாட்டேண்ணே. அது உங்க ஊட்டு விஷயம். ஆனா அந்த ஒரு வருசத்த எடுத்துட்டா, மத்த வருசத்தையெல்லாம் எவன் நம்புவான்?”

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அந்த வரி அப்படியே நின்றது. நான் ஆதாரத்தையே தடுமாறிச் சொல்பவள். அவள் கோபத்தோடு வந்தவரிடமே ஆதாரத்தை வாங்கினாள்.

பிறகுதான் எனக்கு உயிர்போகிற கேள்வி வந்தது. பதிவின் கீழே யார் எழுத்து? ஐயா தாளைப் புரட்டிவிட்டு, “சுபைதா பெயரெழுத்து போடுவதுதான் முறை” என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதெப்படி ஐயா? வெறும் தாளக் குடுத்திருந்தா நான் எத்த அடிச்சிருப்பேன்? கலா பேருதான் போடணும்” என்றாள் அவள். அதோடு பேச்சு முடிந்தது.

க.செ. என்றே அச்சாயிற்று. வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் நடந்த வெளியீட்டு விழாவில், பேசவந்த பேராசிரியர், வேதகிரி பதிவைத்தான் எடுத்துப் பாராட்டினார். “யார் இந்த க.செ.?” என்றார். எழுந்து நின்று, இதைத் திருத்தி இப்படி ஆக்கியவர் சுபைதா என்றேன். “என்ன தன்னடக்கம்!” என்று அவர் என்னை மேலும் பாராட்டினார். அரங்கில் எல்லோருக்கும் மேலாகக் கைதட்டியவள் சுபைதாதான். சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு ஒரு சொல் கூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அதில் அவளுக்கு ஒன்றும் குறையவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மாதிரி ஒரு மனம் எனக்கு வாய்க்கவில்லையே என்று அன்று வீடு வரைக்கும், அண்ணனூரில் வழக்கம்போல் ரயில் நின்றுவிட்ட நேரமெல்லாம், நினைத்துக்கொண்டே வந்தேன்.

சேதி கேட்ட மூன்றாம் நாள் பூந்தமல்லிக்குப் போனேன். வீட்டுக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் உறவே இல்லை. எங்கள் பதிவுகளுக்காக அவள் எங்கெங்கோ தேடிப்போய்ப் பேசியவர்கள். அவள் தங்கை மைமூன் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கலாக்காதானே? உங்களப் பாத்தா அதுக்கு எப்பவும் வயித்தெரிச்சல்க்கா.”

“சுபைதாவுக்கா?” என்றேன்.

“ஆமாக்கா. ‘அந்தக் கலா ஒக்காந்தா பத்து பக்கம் எழுதிட்டுத்தான் எழுந்துக்கிறா. எனக்கு மொத வரியே வர மாட்டேங்குது. அடுத்தவ எழுதினதுலதான் என் கை ஓடுது’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். ஒரு நாளு சிரிக்காம அழுதுச்சு.”

இதைக் கேட்டதும் என் நெஞ்சு ஆறியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆறவில்லை. நான் இத்தனை காலம் மூடி மூடி வைத்திருந்ததை, அவள் தன் வீட்டுக் கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிச் சிரித்திருக்கிறாள். பொறாமைப்படுவதைக்கூட என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறாள்.

கலைக்களஞ்சியத்தின் அந்தத் தொகுதி இப்போது மறு அச்சுக்குப் போகிறது. உன் பதிவுகளில் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று ஐயா கேட்டார். வேதகிரி பதிவின் கீழே க.செ. என்பதற்குப் பக்கத்தில் சு.பே. என்று சேர்க்கச் சொன்னேன்.

“அவள்தான் வேண்டாம் என்றாளே அம்மா?”

“அவ எனக்காக வேண்டாம்னு சொன்னா ஐயா. இப்பவும் எனக்காகத்தான் கேட்கிறேன்.”

அவர் மறுக்கவில்லை. இது பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பெருந்தன்மை அவளுடைய குணம். அந்தப் பக்கத்தில் எனக்கு அவள் அருகில் இடம் வேண்டியிருந்தது. இனி அதைப் படிக்கிறவர்களுக்கு எந்த வரி யாருடையது என்று தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் காரைப் பற்றிய வரிகளை நான் எழுதியிருக்க வேண்டும் என்ற ஆசை, அவள் போன பிறகும் கொஞ்சமும் குறையவில்லை. அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்த ஆசையைத்தான். ஒவ்வொரு நாளும் முதல் வரியை எழுத உட்காரும்போது அதுதான் என்னோடு உட்காருகிறது.