வயித்துல கட்டின அரிசி

அரிசி கடத்தினோம்னு சொன்னா இப்போ இருக்கிற பிள்ளைங்க சிரிக்குதுங்க. தங்கமா, அபினியான்னு கேக்குதுங்க. சிரிக்கட்டும். வயிறு காஞ்சவங்களுக்குத்தான் அது தெரியும்.

அறுபதுகள்ல ரெண்டு வருஷம் மழை எங்களை நல்லா ஏமாத்திடுச்சு. ஆரம்பாக்கத்துல எங்களுக்கு இருந்த ஒரே காணி நெலம் வெடிச்சுக் கெடந்தது. ரேஷன்ல போட்ட அரிசி நாலு நாளைக்கு வந்தா அதிகம். ஆனா ரயில் ஏறி தடா தாண்டினா சூளூர்பேட்டை. அது ஆந்திரா. அங்க அரிசி இருந்தது. பர்மிட் இல்லாம எல்லை தாண்டி ஒரு படி கூடக் கொண்டாரக் கூடாது, அதுதான் சட்டம். ரோட்டுல வந்தா செக்போஸ்ட்டு, ரயில்ல வந்தா பறக்கும் படை. அதனால பொம்பளைங்க நாங்க போனோம். நீளமா பை தெச்சு, நாலு படி அரிசியைக் கொட்டி, வயித்துல கட்டி, மேல புடவையைச் சுத்திக்கினா புள்ளைத்தாச்சி. எந்த ஆம்பளையும் தொட்டுப் பாக்க மாட்டான்.

அதுலயும் ஒரு முறை இருந்தது. ஒரே ரயில் பொட்டியில பதினஞ்சு பேர் முழுகாம இருந்தா எந்த முட்டாளுக்கும் தெரிஞ்சு போவும் இல்லையா? அதனால பொட்டிக்கு ரெண்டு பேருக்குத்தான் வயிறு. மத்தவங்க தொடையில, முதுகுல கட்டிக்கணும். யாருக்கு வயிறுன்னு பிளாட்பாரத்துலயே பேசி வெச்சுப்போம். எங்க அண்ணி மட்டும் எப்பவும் வயிறுதான் வேணும்னு அடம் பிடிப்பாங்க.

அண்ணி எங்க அண்ணனைக் கட்டிக்கினு வந்து ஆறு வருஷம். குழந்தை இல்ல. அம்மா அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. மலடின்னுதான் கூப்பிடுவாங்க, அதுவும் அக்கம்பக்கத்துக்குக் கேக்கற மாதிரி. அண்ணன் வாயில கொழுக்கட்டை. ஒரு நாள் பை கட்டிக்கிறப்போ அண்ணி என்கிட்ட சொன்னாங்க: "பாப்பா, நான் அரிசி கொண்டாரவரைக்கும் என்னை ஊட்ட வுட்டுத் தொரத்த மாட்டாங்க."

ரயில்ல ஏறினதும் யாராவது எழுந்து எடம் குடுப்பாங்க. அண்ணி மெதுவா, இடுப்பைப் பிடிச்சுக்கினு உக்காருவாங்க. எத்தனாவது மாசம்னு கேட்டா ஏழுன்னு சொல்லுவாங்க. எப்பவும் ஏழுதான். நான் முழங்கையால இடிப்பேன். "அண்ணி, போதும், ரொம்பத்தான் பண்றீங்க!" அவங்க சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பை எங்க வீட்டுல நான் பாத்ததே இல்ல.

இப்போ என் சங்கதிக்கு வரேன். எனக்கு அப்போ இருபத்தி மூணு வயசு. அந்தக் காலத்துல அது முத்திப் போன வயசு. நகை போட வக்கில்ல, அதனால வந்தவன் எல்லாம் காபி குடிச்சுட்டுப் போனான். கடைசியில அம்மா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. சூளூர்பேட்டையில ஒரு குடும்பம், ஒரு பையன், ஒரு பொண்ணு. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறது. அவங்க பையனுக்கு நான், எங்க அண்ணனுக்கு ரெண்டாந்தாரமா அவங்க பொண்ணு. ரெண்டு பக்கமும் சீர் கெடையாது. மாப்பிள்ளையோட அம்மா என்னைப் பாக்க வந்த அன்னிக்கு, அண்ணியை எளாவூர்ல இருக்கிற அவங்க தாய் வீட்டுக்கு ஏதோ சாக்கு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா இந்த மாதிரி சேதியை எத்தினி நாள் மூடி வெக்க முடியும்? அண்ணிக்குத் தெரியும். என்கிட்ட கேக்கல.

ஒரு மாசம் போயிருக்கும். சூளூர்பேட்டையில இருந்து அரிசியோட திரும்பறோம். தடாவுல அந்த மாப்பிள்ளையோட அம்மா எங்க பொட்டியில ஏறினாங்க. நான் தன்னால எழுந்து நின்னேன். முந்தானையை இழுத்துப் போத்திக்கினேன். அண்ணி என்னையும் பாத்தாங்க, அந்த அம்மாவையும் பாத்தாங்க. யாருன்னு புரிஞ்சு போச்சு.

"இது யாரும்மா?" அந்த அம்மா என்கிட்டதான் கேட்டாங்க.

நான் வாய் தொறக்கறதுக்குள்ள அண்ணி சொன்னாங்க: "அவங்க அண்ணன் சம்சாரம். ஏழாவது மாசம்."

அந்த அம்மா முகம் செத்துப் போச்சு. "நெசமா?"ன்னு என்னைக் கேட்டாங்க. ரெண்டு பெஞ்சு தள்ளி பறக்கும் படை ஆளு நின்னுக்கினு இருந்தான். பொய்னு சொன்னா அண்ணி ஜெயிலுக்கு. நான் தலையை ஆட்டினேன்.

மறுநாளே ஆள் வந்தான். மூத்தவ முழுகாம இருக்கறப்போ எங்க பொண்ணு எதுக்கு, ரெண்டு கல்யாணமும் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மா தலையில அடிச்சுக்கினாங்க. அண்ணியை இழுத்துக் கேட்டாங்க. அண்ணி எழுந்து அடுப்பைப் பாக்கப் போயிட்டாங்க. அந்த ஒரு வாரம் அண்ணி சாதம் போடறப்போ தலை கூட நிமிர்ந்து இருந்த மாதிரி எனக்குத் தோணுது. எனக்கு மட்டும் ராத்திரியும் பகலும் ஒரே எரிச்சல். இவங்க வாழ்க்கையைக் காப்பாத்திக்க என் வாழ்க்கையா கெடைச்சதுன்னு.

அம்மா என்னை இழுத்துக்கினு சூளூர்பேட்டைக்குப் போனாங்க. அங்க, மருமக முழுகாம இல்லன்னு அம்மா சொன்னதை யாரும் நம்பல. "நான் கண்ணால பாத்தேன். உன் பொண்ணே தலையாட்டினா. அவளே சொல்லட்டும்"னாங்க அந்த அம்மா. கூடத்துல இருந்த எல்லாரும் என்னைப் பாத்தாங்க. உள்ள கதவுகிட்ட அந்தப் பையன் நின்னுக்கினு இருந்தான்.

"அது அரிசிங்க"ன்னு சொன்னேன்.

கூடமே சிரிச்சுது. அந்த அம்மா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சு, என் கன்னத்தைத் தடவினாங்க. சிரிச்சு முடிச்சு ஒரே ஒரு பேச்சு வெச்சாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் மூத்தவ அந்த வீட்டுல இருக்கக் கூடாது. அம்மா சரின்னாங்க. நானும் அங்கதான் இருந்தேன். சும்மா இருந்தேன்.

வீட்டுக்கு வந்தப்போ அண்ணி அரிசியில கல் பொறுக்கிக்கினு இருந்தாங்க. நிமிராமலே கேட்டாங்க, "சொல்லிட்டியா?"

"ம்."

"பரவால்ல வுடு. உனக்கும் வயசாவுது இல்ல."

அய்யோ, அதுக்கு என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

ரெண்டு கல்யாணத்துக்கும் ஒரே முகூர்த்தம் வெச்சாங்க. கல்யாணச் சாப்பாட்டுக்கு அரிசி வேணுமே! அம்மா அண்ணியைத்தான் அனுப்பினாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நீயும் ஒரு மூலையில இருந்துட்டுப் போ, யாரு வேணான்னாங்கன்னு கூசாம சொல்லி அனுப்பினாங்க. கல்யாணப் பொண்ணு வெயில்ல அலையக் கூடாதுன்னு என்னை அனுப்பல. அண்ணி எங்க தெருப் பொம்பளைங்களோட அஞ்சு தடவை போய் வந்தாங்க. தன் புருஷன் கல்யாணத்துக்கு.

ஆறாவது தடவை கெளம்பறப்போ நான் ஸ்டேஷன் வரைக்கும் ஓடினேன். "அண்ணி, போவாதீங்க. கல்யாணம் முடிஞ்சதும் உங்களை அனுப்பிடப் போறாங்க. அன்னிக்கே பேசி முடிச்சுட்டாங்க"ன்னு மூச்சு வாங்கச் சொன்னேன். இத்தினி நாள் வாயில மண்ணை அடைச்சுக்கினு இருந்துட்டு அப்போ சொன்னேன்.

அண்ணி காலிப் பையை மடிச்சு இடுப்புல சொருவிக்கினாங்க. "இத அன்னிக்கே சொல்லி இருக்கலாமே, பாப்பா"ன்னாங்க. வண்டி வந்துச்சு. ஏறிட்டாங்க.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா தன் அரிசியோட இன்னொரு பையையும் கொண்டாந்து எங்க வாசல்ல வெச்சாங்க. நாலு படி. கொறையல. ஆரம்பாக்கத்துல வண்டி நின்னப்போ அண்ணி பொட்டியிலயே பையை அவுத்துக் குடுத்துட்டு, எறங்காம அப்படியே எளாவூர் தாய் வீட்டுக்குப் போயிட்டாங்களாம். அம்மா வாங்கி அளந்து பாத்தாங்க. சரியா இருக்குன்னாங்க.

மூணாம் நாள் கல்யாணத்துல அந்த அரிசியையும் சேத்துத்தான் உலை வெச்சாங்க. ரெண்டு ஜோடிக்கும் ஒரே வரிசையில எலை போட்டாங்க. ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறு நெறைய வெள்ளைச் சோறு. பசி வேற. நான் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.